ஹெச்-சில் இரண்டு முறை தோற்றாயிற்று, மூன்றாவது டெஸ்டுக்கு எப்படிப் போவது?

கேள்வி: "அண்ணா, எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ்தான். கொஞ்சம் தென்னந்தோப்பு, நாலு மாடு. பால் சொசைட்டிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர பைக், கார் இரண்டுக்கும் லைசென்ஸ் எடுக்கலாம் என்று ஒரு டிரைவிங் ஸ்கூலில் 13,000 ரூபாய் கட்டினேன். காருக்கு 15 கிளாஸ், ஒவ்வொன்றும் 20 நிமிடம். பைக்கில் எட்டு போட்டது பாஸ். காரை ஹெச் எழுத்து வடிவில் நட்ட கம்பிகளுக்குள் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டும் ஹெச்-சில் இரண்டு முறை ஃபெயில். இரண்டாவது முறை எந்தக் கம்பியும் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏன் ஃபெயில் என்று கேட்டதற்கு மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ரீடெஸ்டுக்கும் ஸ்கூலில் 2,000 ரூபாய் கேட்கிறார்கள். மேற்கொண்டு கொஞ்சம் கொடுத்தால் மூன்றாவது முறை கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். கொழுந்தனார் பொள்ளாச்சி அட்ரஸ் ஏற்பாடு செய்து தருகிறேன், அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து மூன்றரை மாதம் ஆகிறது. என்ன செய்யட்டும்?"

பதில்: அம்மிணி, முதலில் ஒன்று. அடுத்த வாரமே மூன்றாவது டெஸ்டுக்குப் போய் நிற்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. டெஸ்டில் தோற்றவர் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். ஆனால் மூன்று முறை தோற்றுவிட்டால் கடைசி டெஸ்டிலிருந்து 60 நாள் கழியாமல் திரும்ப வர முடியாது. எல்எல்ஆரின் ஆயுள் 6 மாதம். உங்களுக்கு மூன்றரை மாதம் போய்விட்டது. இப்போதே அவசரப்பட்டுத் தோற்றால், 60 நாள் தடை முடியும்போது ஐந்தரை மாதம் தாண்டியிருக்கும். அதற்குள் டெஸ்ட் தேதி கிடைக்காவிட்டால் எல்எல்ஆர் காலாவதி. புதிதாக எல்எல்ஆர் எடுத்து, அதிலிருந்து 30 நாள் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே மூன்றாவது வாய்ப்பைக் காசு போல எண்ணிச் செலவழியுங்கள். மூன்று, நான்கு வாரம் தள்ளித் தேதி வாங்குங்கள். அதுவரை பயிற்சி. தள்ளிப் போய்த் தோற்றாலும் எல்எல்ஆர் காலாவதிதான், ஆனால் நன்றாகப் பழகிவிட்டுப் போனால் தோற்கும் பயம் குறையும்.

அடுத்தது பணம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 32-ஆம் விதியின் அட்டவணைதான் நாடு முழுவதற்கும் அடிப்படை. எல்எல்ஆர் ஒவ்வொரு வகை வண்டிக்கும் 150 ரூபாய், எல்எல்ஆர் தேர்வுக்கு 50, டிரைவிங் டெஸ்ட் ஒவ்வொரு வகைக்கும் 300, லைசென்ஸ் கொடுக்க 200. பைக், கார் இரண்டுக்கும் கூட்டிப் பாருங்கள்: 300, 50, 600, 200. மொத்தம் 1,150 ரூபாய். இதற்கு மேல் மாநில அரசு சேர்க்கும் சேவைக் கட்டணங்கள் கொஞ்சம் வரும். ரீடெஸ்டுக்கும் அதே 300-தான், அதுவும் தோற்ற வகைக்கு மட்டும். நீங்கள் எட்டில் பாஸ். எனவே உங்கள் ரீடெஸ்ட் காருக்கு மட்டும்.

அப்படியானால் அந்த 2,000 எதற்கு? ஸ்கூல் கார், பெட்ரோல், கூட வரும் ஆளின் ஒரு நாள் கூலி இவற்றுக்கு அவர்கள் ஒரு தொகை கேட்பதில் தவறில்லை. வண்டி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அது நியாயமான வருமானம். தவறு எங்கே என்றால், அரசுக் கட்டணத்தையும் தங்கள் கூலியையும் ஒன்றாகக் கலந்து 'ரீடெஸ்ட் ஃபீஸ்' என்று ஒரே தொகையாகச் சொல்வதில். வாங்குகிறவருக்கு எது எவ்வளவு என்று தெரியாது. அரசாங்கமே 2,000 கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார். அரசுக் கட்டணத்தை நீங்களே லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதி தளத்தில் கட்டுங்கள், ரசீது உங்கள் பெயரில் வரும். ஸ்கூலுக்குக் கொடுப்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

இதில் ஒரு இடத்தில் சிக்கல் வரலாம். பல ஸ்கூல்களில் அப்ளிகேஷன் போடும்போது உங்கள் மொபைல் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். ஓடிபி அங்கே போகும். அப்ளிகேஷன் நம்பர் கூட உங்களுக்குத் தெரியாது. தேதி வாங்குவது, பணம் கட்டுவது, தள்ளிப்போடுவது எல்லாம் அவர்கள் கையில் போய்விடும். உங்களுடையது எப்படி என்று இன்றைக்கே பாருங்கள். எல்எல்ஆர் தாளில் அப்ளிகேஷன் நம்பர் இருக்கும். அதையும் பிறந்த தேதியையும் போட்டால் நிலவரம் தெரியும். வேறு நம்பர் பதிவாகியிருந்தால் அதை மாற்றிக்கொண்டு அப்புறம் தேதி வாங்குங்கள். டெஸ்ட் எழுதுவது நீங்கள், அப்ளிகேஷனும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. கார், பைக் லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல் வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

இப்போது உங்கள் 15 கிளாஸ். ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்றால் மொத்தம் 5 மணி நேரம். அந்த 20 நிமிடத்தில் வண்டி ஏறி இறங்கியது, பின்சீட்டில் அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்தது எல்லாம் அடக்கமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மத்திய விதிகளின் 31-ஆம் விதி என்ன சொல்கிறது தெரியுமா? சொந்த உபயோக வண்டிகளுக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் குறைந்தது 10 மணி நேரம் ஸ்டீரிங் பிடித்து ஓட்டியிருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது அதில் பாதி. யார் எந்த நாளில் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று ஸ்கூல் பதிவேடு வைத்திருக்கவும் வேண்டும். 2,000 ரூபாய் பேச்சு வரும்போது இதை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம். "10 மணி நேரத்தில் மீதி 5 மணி நேரத்தை இந்த மாதம் முடித்துக் கொடுங்கள், ரீடெஸ்டுக்கு அதற்கப்புறம் போகிறேன்" என்று கேளுங்கள். கொடுத்த 13,000-க்கு உங்களுக்கு வர வேண்டிய பாக்கி அது.

சரி, ஹெச். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஹெச் வேண்டாத சோதனை என்று எனக்குத் தோன்றியதில்லை. டெஸ்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று 15-ஆம் விதி ஒரு பட்டியலே கொடுக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்வது, மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பது, வேகத்துக்கேற்ப கியர் இறக்குவது, இவற்றோடு வண்டியைப் பின்னால் ஓட்டி இடப்புறமோ வலப்புறமோ குறுகலான இடத்துக்குள் கட்டுப்பாட்டுடன் கொண்டுபோவதும் ஒன்று. இந்தக் கடைசித் திறமையைத்தான் ஹெச் சோதிக்கிறது. தோப்புக்குள் ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வேலி, எதிரே டிராக்டர் என்று நின்றால் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் திறமைதான்.

கோளாறு சொல்லிக்கொடுக்கும் முறையில் இருக்கிறது. ஸ்கூல் காரின் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். "கம்பி அந்த ஸ்டிக்கருக்கு நேரே வந்ததும் ஸ்டீரிங்கை முழுசா ஒடி, இரண்டாவது கம்பி இந்தப் பக்கக் கண்ணாடியில் தெரிந்ததும் நேராக்கு." இவ்வளவுதான் பாடம். அதே கார், அதே சீட் உயரம், அதே மைதானம் என்றால் வேலை செய்யும். டெஸ்ட் அன்றைக்கு வேறு கார் வந்தால், உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் உயரமானவராக இருந்து சீட்டைப் பின்னால் தள்ளியிருந்தால், ஸ்டிக்கரும் கம்பியும் வேறு இடத்தில் நிற்கும். நீங்கள் கற்றது அத்தனையும் அந்த ஒரு நொடியில் கைவிட்டுப் போகும். இரண்டு முறையும் உங்களுக்கு நடந்தது இதுவா என்று யோசித்துப் பாருங்கள்.

நான் என் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். தேங்காய் போடும் களத்தில்தான் பழக்கினோம். டெஸ்ட் இல்லாத ஒரு நாள் மைதானத்துக்குப் போய், ஹெச்-சின் காலுக்கு எத்தனை அடி அகலம், நடுப்பாதை எவ்வளவு என்று கயிறு பிடித்து அளந்து வந்தேன். அதே அளவுக்குக் களத்தில் மூங்கில் குச்சிகள். தரை கெட்டி என்பதால் பழைய பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி அதில் குச்சியைச் செருகினோம். மேலே சிவப்புத் துணி. குச்சி விழுந்தால் டப்பா உருளும் சத்தம் கேட்கும்.

முதல் நான்கு நாள் ஸ்டீரிங்கைப் பற்றி நான் பேசவே இல்லை. கிளட்ச் மட்டும். முதல் கியர், பிறகு ரிவர்ஸ், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல். கிளட்சை மெல்ல மெல்ல விட்டு வந்தால் ஓரிடத்தில் கார் லேசாக நடுங்கும், இன்ஜின் சத்தம் கனக்கும். அங்கே பாதத்தை நிறுத்த வேண்டும். குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். குதிகால் அந்தரத்தில் இருந்தால் தொடை நடுங்கும், கார் துள்ளும், அணையும். அந்த நடுக்கத்தில் காரை ஆமை வேகத்தில் பத்தடி பின்னால் நகர்த்தி நிறுத்துவதை அவள் ஐம்பது முறையாவது செய்திருப்பாள். ஹெச்-சில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஸ்டீரிங் தெரியாமல் தோற்பதில்லை. கார் தாங்கள் நினைத்ததைவிட வேகமாகப் போய்விடுவதால் திருப்ப நேரம் இல்லாமல் தோற்கிறார்கள். கார் ஊர்ந்தால் பார்க்க நேரம் கிடைக்கும். பார்த்தால் திருத்திக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள்தான் ஸ்டீரிங். ஸ்டிக்கர் கிடையாது. ரிவர்ஸ் போகும்போது காரின் பின் சக்கரத்தைத்தான் மனதில் வைக்க வேண்டும். கார் திரும்புவது பின் சக்கரம் நிற்கும் இடத்தைச் சுற்றித்தான். நடுப்பாதைக்குள் நுழையும்போது உள்மூலைக் கம்பி பின் சக்கரத்துக்கு நேரே வருகிற வரை ஸ்டீரிங் நேராக இருக்கட்டும். அப்புறம் முழுதாக ஒடியுங்கள். சீக்கிரம் ஒடித்தால் உள்மூலைக் கம்பி விழும், தாமதித்தால் காரின் முன்மூலை வெளிப்பக்கக் கம்பியை இடிக்கும். ரிவர்ஸில் எல்லாரும் பின்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு மூக்கை மறந்துவிடுகிறார்கள். பின்னால் வளையும்போது முன்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும். உங்கள் இரண்டாவது டெஸ்டில் நீங்கள் பார்க்காமல் ஒரு கம்பி சாய்ந்திருந்தால் அது முன்பக்கமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சொந்தக் கார் இருந்தால், அல்லது உறவில் யாராவது கொடுத்தால், பழகிய அதே காரிலேயே டெஸ்டுக்கும் போகலாம். அந்த வகை வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும், ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். கேரளத்தில் டெஸ்ட் வண்டி பற்றிய நிபந்தனைகள் அண்மையில் பலமுறை மாறியிருக்கின்றன. 2024 பிப்ரவரியில் டெஸ்டை அடியோடு மாற்றும் சுற்றறிக்கை வந்தது. மே மாதம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்டில், பல வருடங்களாக எட்டு போட எல்லாரும் பயன்படுத்திவந்த கைகியர் பஜாஜ் எம்80 ஸ்கூட்டர் மைதானத்தைவிட்டுப் போனது. சுற்றறிக்கையை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அதனால் தேதி வாங்கியதும் ஆர்டிஓ ஆபீஸில் நேரில் போய், உங்கள் காரின் பெயரையும் ஆர்சி வருடத்தையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஸ்கூலில் கேட்டால் அவர்கள் காரில்தான் வர வேண்டும் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

பழகும்போது லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்து சீட்டில், ஹேண்ட் பிரேக் கைக்கெட்டும்படி உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். இதில் சலுகை எடுக்காதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் நிற்காது.

அடுத்தது, காரணம் சொல்லாமல் அனுப்பியது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. வருடங்களுக்கு முன் எனக்கும் ஒரு மைதானத்தில் இதுவே நடந்தது. வெயிலில் மூன்று மணி நேரம் நின்று, ஒரு நிமிடத்தில் 'ஃபெயில்' என்று கேட்டுத் திரும்பி வந்தேன். எதைத் திருத்துவது என்று தெரியாமல் ஒருவர் எப்படி மறுபடி பழகுவார்? பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நாளில் எத்தனையோ பேர் வருகிறார்கள், உண்மைதான். ஆனால் எந்தக் கம்பி, எந்த இடம் என்று சொல்ல ஐந்து நொடி போதும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. டெஸ்ட் முடிந்த அந்த இடத்திலேயே, வரிசையைத் தடுக்காமல், "சார், எந்த எடத்துல தப்பாச்சு?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் ஆர்டிஓ-வுக்கு எழுத்தில் கொடுங்கள்: பெயர், அப்ளிகேஷன் நம்பர், தேதி, எந்தப் பகுதியில் தோல்வி என்று பதிவாகியிருக்கிறது என்ற விவரம் வேண்டும். தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, அரசு அறிவித்த சிறுபான்மை மொழிப் பகுதிகளில் தமிழர்கள் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. சித்தூர் தாலுகா அப்படிப்பட்ட பகுதி. எல்லைப்பக்கத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு இது தெரியாமலே போய்விட்டது, பயன்படுத்தாமலே இருந்துவிட்டோம். மனுவின் நகலில் ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலுத்தி உங்கள் டெஸ்டின் மதிப்பீட்டுப் பதிவின் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதனால் போன டெஸ்ட் பாஸ் ஆகிவிடாது. என்ன தவறு என்று உங்களுக்குத் தெரியும், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

'மேற்கொண்டு கொஞ்சம்' கொடுக்கவே கூடாது. லஞ்சம் கொடுப்பதும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு நேரடிக் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸுக்கோ விசாரணை அமைப்புக்கோ சொல்லிவிட்டால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கேரள விஜிலன்ஸின் (லஞ்ச ஒழிப்புத் துறை) இலவச எண் 1064. இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தப் பணம் உண்மையில் அதிகாரியிடம் போகிறதா என்பதே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொந்தத் திறமையில் பாஸானாலும் அதைத் தன் செல்வாக்கு என்று சொல்லிப் பணத்தை வைத்துக்கொள்ளும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள்.

பொள்ளாச்சி யோசனையை விட்டுவிடுங்கள். நீங்கள் வசிக்கும் இடம், தொழில் செய்யும் இடம், அல்லது பயிற்சி பெற்ற டிரைவிங் ஸ்கூல் இருக்கும் இடம், இவற்றில் ஒன்று இருக்கும் மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் நிஜமாகவே பொள்ளாச்சி ஸ்கூல் ஒன்றில் புதிதாகச் சேர்ந்து பழகினால் அது நேர்வழி. எல்லைக்காரர்களுக்கு அந்த வசதி இருக்கிறது. இல்லாத அட்ரஸைக் காட்டுவது பொய்யான ஆவணம். லைசென்ஸ் ரத்தாகலாம், விபத்து நேரத்தில்தான் அது வெளியே வரும். எப்படியும் லைசென்ஸ் எந்த மாநிலத்தில் எடுத்தாலும் இந்தியா முழுவதும் ஒன்றுதான். மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் அதன் மதிப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

'ஸ்கூலிலேயே டெஸ்ட், ஆர்டிஓ-வுக்குப் போக வேண்டாம்' என்று யாராவது சொன்னால், அவர்கள் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையமா என்று கேளுங்கள். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிப்படி அப்படிப்பட்ட மையத்தில் காருக்கு 29 மணி நேரப் பயிற்சி முடித்துத் தேறியவருக்கு மட்டுமே ஆர்டிஓ டெஸ்டிலிருந்து விலக்கு. அந்த மையத்துக்குச் சொந்தமாகப் பயிற்சி மைதானம் வேண்டும், சிமுலேட்டர் (கார் ஓட்டுவதைத் திரையில் பழக்கும் கருவி) வேண்டும். தெருமுனை டிரைவிங் ஸ்கூல் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

டெஸ்ட் அன்றைக்குக் காரில் உட்கார்ந்ததும் உடனே கிளப்பாதீர்கள். சீட்டை உங்கள் காலுக்கு இழுங்கள், மூன்று கண்ணாடியையும் திருப்பிக்கொள்ளுங்கள், பெல்ட் போடுங்கள். 15-ஆம் விதியின் பட்டியல் தொடங்குவதே இதில்தான், யாரும் அவசரப்படுத்த முடியாது. பிறகு கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டு, கார் நடுங்கும் இடத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். அது உங்கள் களத்துக் கார் என்றால் கால் தானே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். வேறு கார் என்றால் அந்த ஒரு தொடுதல் போதும், அதன் கிளட்ச் மேலே பிடிக்கிறதா கீழே பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். தேதி கிடைத்ததும் எழுதுங்கள். காரின் பெயரையும் மைதானத்தில் நீங்கள் எடுத்த அளவையும் சேர்த்து எழுதினால், டப்பாக்களை எங்கே வைப்பது என்று படம் போட்டு அனுப்புகிறேன்.